பழைய லென்ஸும் பெரிய ஃபிலிமும்: டார்ச்சில் தெரியாத தவறுகள்

பழைய லென்ஸைக் கையில் கொடுத்தால் முதல் வேலையாக செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்போம். உள்ளே ஒரு குமிழி தெரிந்தால் முகம் சுளிப்போம். கீறல் தெரிந்தால் விலையைப் பாதியாகக் கேட்போம். 4×5 அங்குல ஷீட் ஃபிலிமோ (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) அதைவிடப் பெரியதோ போடும் கேமராவுக்கு இந்த இரண்டுமே பெரிய குற்றம் இல்லை. நூறு வருஷத்துக் கண்ணாடியில் குமிழி சகஜம், படத்தில் தெரியாது. ஆழமான கீறலைக் கறுப்பு மையால் தொட்டு நிரப்பிவிட்டால் அது ஒளியைச் சிதறடிக்காது. பயப்பட வேண்டியது பால் படிந்த மாதிரி தெரியும் மூட்டத்துக்கும், நூல் நூலாகப் படரும் பூஞ்சைக்கும்தான். மூட்டம் துடைத்தால் சில சமயம் போய்விடும். பூஞ்சை கண்ணாடியை அரித்திருந்தால் போகாது.

நான் மாட்டிக்கொண்டது டார்ச்சில் தெரியாத ஒன்றில். முதன்முதலில் வாங்கியது 127 மி.மீ. குவியத் தூரம் உள்ள கோடக் எக்டார் லென்ஸ். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. அதை 4×5 கேமராவில் மாட்டி, சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் முன்னால் போய் நின்றேன். கோபுர உச்சி ஃபிரேமுக்குள் வர வேண்டும் என்று, லென்ஸ் மாட்டிய பலகையை, அதாவது லென்ஸ் போர்டை, மேலே ஏற்றினேன். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் வானத்தின் இரண்டு மூலையும் கறுப்பு. லென்ஸ் மேல் தப்பில்லை. 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் ஏறத்தாழ 153 மி.மீ. அந்த எக்டார் விழுத்தும் ஒளிவட்டம் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நேராக வைத்து எடுத்தால் சரி, ஏற்றி இறக்க இடமே கிடையாது.

இதே குழப்பம் ஆங்குலான், சூப்பர் ஆங்குலான் என்ற இரண்டு வைட் ஆங்கிள் லென்ஸ்கள் விஷயத்திலும் உண்டு. இரண்டிலும் 90 மி.மீ. வரும். பெயரில் ஒரு ‘சூப்பர்’தான் வித்தியாசம். ஆனால் முதலாவது 4×5-ஐ மட்டுமட்டாக மூடும், இரண்டாவதில் தாராளமாக நகர்த்தலாம். விலை மலிவாகத் தெரிந்தால் பெயரை இன்னொரு தடவை படியுங்கள்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பல கேமராக்களில், பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் நான்கு மூலையும் வெட்டியிருக்கும். லென்ஸின் துளையை எஃப் 22-க்குச் சுருக்கி (எஃப் எண் பெரிதானால் துளை சிறிது), போர்டை எவ்வளவு ஏற்றுவீர்களோ அவ்வளவு ஏற்றி, அந்த வெட்டு வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு வெளிச்சம் போகிறது. இரு முனையும் கூர்ந்து கண் வடிவில் நறுக்கித் தெரிந்தால் அங்கே இருட்டு.

அடுத்தது ஷட்டர். ஒரு விநாடிக்கு வைத்து அமுக்கினால் பழைய காம்பூர் ஷட்டர் ‘கிர்ர்ர்’ என்று இழுத்து நடுவில் நின்றுபோகும். உடனே வீட்டில் இருக்கும் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடத் தோன்றும். விடாதீர்கள்! என் நண்பர் ஒருவர் விட்டார். ரெண்டு நாள் ஜோராக ஓடியது. அப்புறம் எண்ணெய் ஷட்டர் இதழ்களுக்கு இடையில் கசிந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பழைய கிரீஸ் இறுகிப்போனதுதான் நோய், அதைக் கழுவி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் மருந்து. கண்ணாடியைக் கழற்றி வேறு ஷட்டருக்கு மாற்றினால், இடையில் காகிதம் போல ஒரு பித்தளை வளையம் இருக்கிறதா என்று கவனியுங்கள். குப்பை என்று போட்டுவிட்டால் முன் பின் கண்ணாடிகளின் இடைவெளி மாறி, கூர்மை போய்விடும்.

ஷட்டரே இல்லாத பேரல் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி மாட்டியே படம் எடுத்துவிடலாம் என்பார்கள். சென்னை வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் (இந்த எண் குறைந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும்), எஃப் 32 வைத்தாலும் 1/25 விநாடிதான் வேண்டும். எந்தக் கைக்கும் அந்த வேகம் வராது. ஃபிலிமுக்குப் பதில் பிரிண்ட் பேப்பரையே நெகடிவாகப் போட்டால் கதை வேறு. அதை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டு எஃப் 45-க்கு மூடினால் ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி வரும், லென்ஸ் மூடியே போதும். அந்த லென்ஸைப் போர்டில் பிடித்து நிற்கும் வளையம் கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் லென்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு அலைய வேண்டியதுதான். மரை அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது, வாயால் சொல்லிப் பயனில்லை.

துளை எண்களையும் நம்பிவிடக் கூடாது. மிகப் பழைய சில லென்ஸ்களில் 4, 8, 16, 32, 64 என்று இருக்கும். அது ‘யூ.எஸ்.’ என்ற வேறு கணக்கு. அதில் 4 என்பது நம் எஃப் 8, 64 என்பது எஃப் 32. 16 மட்டும்தான் இரண்டிலும் ஒன்று. தெரியாமல் எடுத்தால் இரண்டு முனையிலும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், தவறும்.

டாகோர் போன்ற சில லென்ஸ்களில் முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு துளையை மூடினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். 150 மி.மீ. பழைய சிம்மர் லென்ஸில் முன் கண்ணாடியைக் கழற்றி 265 மி.மீ. ஆக்கும்போதும் இதே கதை. படம் எடுக்கும் துளையிலேயே, கறுப்புத் துணிக்குள் கண் பழகும்வரை காத்திருந்து, ஃபோகஸ் செய்யுங்கள்.

கடைசியாக, வைக்கும் இடம். நம் ஊர்க் காற்றில் பூஞ்சைக்கு விருந்துதான். லென்ஸோடு வரும் பழைய தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே வீடு. அரிசியில் புதைத்தால் மாவுத்தூள் உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றிவிடுங்கள். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் நேராக மெரினாவுக்குப் போனால் டப்பாவை உடனே திறக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். அரை மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். தோல் பெட்டி அழகாக இருந்தால் காலியாகவே ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள்.