ஸ்காட்லாந்து மலையில் முதல் மான் வேட்டை: வழிகாட்டியுடன் போகிறவர்களுக்கு

பிரிட்டனில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் பகுதிக்குச் செம்மான் வேட்டைக்குப் போக விரும்பி வழி கேட்கிறார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் நிலை வேறு. அங்கே ஓநாய் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. வளர்ந்த மானை அடித்துத் தின்ன எந்த விலங்கும் மிஞ்சவில்லை. மந்தைகள் பெருகிப் பைன், பிர்ச் கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிடுவதால் பழைய காடுகள் மறுபடி எழ முடியாமல் தவிக்கின்றன. கடுங்குளிரில் மான்களே தீனியின்றி மடிகின்றன. அதனால் எஸ்டேட்டுகள் எனப்படும் பெரிய மலைநில உடைமைகளை நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் இத்தனை மான் என்று திட்டமிட்டுக் குறைக்கிறார்கள். நீங்கள் சுடும் மானும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டாக்கர் எனப்படும் வழிகாட்டி ஆண்டு முழுவதும் செய்கிற வேலையில் ஒரு நாள் நீங்கள் கை கொடுக்கிறீர்கள். இந்த எண்ணத்தோடு போகிறவருக்கு மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆண் மான்களைச் சுடுவதற்கு முன்பு ஜூலை 1 முதல் அக்டோபர் 20 வரை என்று சட்டம் காலம் வகுத்திருந்தது. மற்ற மாதங்களுக்கு இருந்த தடை 2023இல் நீக்கப்பட்டது. ஆனாலும் விருந்தினர்களை அழைத்துச் செல்லும் எஸ்டேட்டுகள் பெரும்பாலும் பழைய வழக்கத்தையே பின்பற்றுகின்றன. அக்டோபர் இறுதிக்குள் இணைசேரும் பருவத்தில் அலைந்து ஆண் மான்கள் இளைத்துவிடும். இறைச்சியும் நன்றாக இருக்காது. பெண் மான்களுக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை.

புதியவருக்கு என் பரிந்துரை செப்டம்பரின் பின்பாதி. கடிக்கும் சிறு கொசுக்களின் தொல்லை அடங்கத் தொடங்கும். பகல் போதுமான நீளம் இருக்கும். ஆண் மான்களின் உறுமல் பள்ளத்தாக்கெங்கும் கேட்கத் தொடங்கும் காலமும் அதுதான். பெண் மான் வேட்டைக்குக் கட்டணம் குறைவு, ஆனால் டிசம்பர் பனியில் சில மணி நேர வெளிச்சத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அது இரண்டாவது முறைக்கு இருக்கட்டும்.

படி 2: பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்

ஆண் மான் ஒன்றுக்குச் சில நூறு பவுண்டு செலவாகும். மான் கிடைக்காத நாளுக்கும் கட்டணம் உண்டா, ரைஃபிளும் தோட்டாவும் அதில் அடங்குமா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பவற்றை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு மூட்டு வலியோ மூச்சிரைப்போ இருந்தால் மறைக்காதீர்கள். ஸ்டாக்கர் அதற்கேற்ற மலையைத் தேர்ந்தெடுப்பார்.

துப்பாக்கி உரிமம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 17 வயது நிறைந்தவர், உரிமம் உள்ளவரிடம் ரைஃபிளை இரவல் வாங்கி, அந்த நிலத்திலேயே அவர் முன்னிலையில் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. செம்மானுக்கான தோட்டா, அடிபட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். அதன் வேகத்துக்கும் ஆற்றலுக்கும் சட்டம் கீழ்வரம்பு வைத்திருக்கிறது. எஸ்டேட்டின் ரைஃபிள் அதற்குப் பொருத்தமாகவே இருக்கும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

படி 3: காலையும் விரலையும் பழக்குங்கள்

சில வாரங்களுக்கு முன்பிருந்தே மேடு பள்ளமான பாதையில் நடந்து பழகுங்கள். சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் ஹைலண்ட்ஸ் சரிவுக்கு ஈடாகாது. ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்குப் போய், பயிற்றுநர் முன்னிலையில் குப்புறப் படுத்துச் சுடக் கற்றுக்கொள்ளுங்கள். விசையைச் சட்டென இழுக்காமல், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெல்ல அழுத்தும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடையில் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, குளிரில் உடம்பை விறைக்க வைத்துவிடும். கம்பளித் துணி நல்லது. நனைந்தாலும் சூடு தரும், உரசினாலும் சத்தம் வராது. சரசரவென்று ஒலிக்கும் மழைச்சட்டைகளை மான் வெகு தூரத்திலிருந்தே கேட்டுவிடும். பழுப்பு, மங்கிய பச்சை நிறங்கள் போதும். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், கையுறை, தொப்பி, மாற்றுக் காலுறை, சட்டைப்பையில் அடங்கும் மதிய உணவு. அவ்வளவுதான்.

படி 4: காலையில் இலக்குச் சோதனை

மலையேறும் முன் ஏறக்குறைய 100 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் சில தோட்டாக்களைச் சுடச் சொல்வார்கள். தோட்டா எங்கே பட்டது என்பதோடு, துப்பாக்கியை எப்படிக் கையாளுகிறீர்கள், குழல்முனை யார் பக்கமாவது திரும்புகிறதா, சொன்ன சொல்லைக் கேட்கிறீர்களா என்பதையெல்லாம் ஸ்டாக்கர் கவனிப்பார். உங்களை எவ்வளவு தூரத்திலிருந்து சுட அனுமதிக்கலாம் என்று அவர் முடிவெடுப்பது இங்கேதான். அவர் 120 மீட்டர் என்று முடிவு செய்தால் அதுவே உங்கள் எல்லை. அதன்பின் ரைஃபிளை உறையிலிட்டு அவரே சுமந்து வருவார்.

படி 5: தேடுதலும் காற்றும்

நாளின் பெரும்பகுதி இதில்தான் போகும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. ஒரு மேட்டில் படுத்துப் பைனாகுலரில் எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். முழு மானைத் தேடாதீர்கள். ஹெதர் புதருக்கு மேலே அசையும் ஒரு காது, கல்லுக்குப் பின்னால் வெளிறிய பின்புறம், செங்குத்துப் புற்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக்கோடு. முதலில் கண்ணில் படுவது இப்படி ஏதாவது ஒரு துண்டுதான்.

மான் கண்ணால் ஒரு முறை சந்தேகப்பட்டால் நின்று பார்க்கும். மனித வாடை பட்டால் நிற்காது, மந்தையே மலையைத் தாண்டிவிடும். ஆகவே காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். சிக்கல் என்னவென்றால், பள்ளத்தாக்கில் காற்று நேராக வீசாது. பாறையில் மோதிச் சுழலும், வெயில் ஏறினால் சரிவில் மேல்நோக்கித் திரும்பும். அதனால்தான் கண்ணெதிரே 400 மீட்டரில் நிற்கும் மானை நெருங்க ஸ்டாக்கர் உங்களை மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் நடத்துவார். ஏன் என்று அப்போது விவாதிக்க வேண்டாம். மாலையில் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்.

எந்த மான் என்பதும் அவர் முடிவே. பெரிய கொம்புள்ள திடகாத்திரமான ஆண் மான் பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்காக விட்டுவைக்கப்படும். வயதானது, நலிந்தது, கொம்பு சரியாகக் கிளைக்காதது ஆகியவையே உங்களுக்கு.

படி 6: ஊர்ந்து செல்லுதல்

கடைசி 200, 300 மீட்டர் வயிற்றால் நகர வேண்டியிருக்கும். கரிய சதுப்புத் தண்ணீர் சட்டைக்குள் புகும், உடம்பு நடுங்கும். ஸ்டாக்கரின் காலணிக் குதிகாலைப் பார்த்துக்கொண்டு அவர் போன தடத்திலேயே போங்கள். அவர் நின்றால் நில்லுங்கள். தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கும் ஆசைதான் புதியவர்களின் வேட்டைகளைக் கெடுக்கிறது. மந்தையின் ஓரத்தில் காவல் நிற்கும் கிழப் பெண் மான் ஒன்று எப்போதும் உங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சுடும் கணம்

ஸ்டாக்கர் ரைஃபிளை முன்னால் ஊன்றி உங்களை அழைப்பார். இதயம் படபடக்கும். அவசரப்படாதீர்கள். மான் பக்கவாட்டில் முழுமையாகத் திரும்பி நிற்கும்வரை காத்திருங்கள். முன்னங்காலின் கோட்டையொட்டி மேலே சென்று, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். இதயமும் நுரையீரலும் அங்கே இருக்கின்றன. பின்னால் வேறு மான் நிற்கிறதா, தோட்டாவைத் தாங்க மண்மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானை ஒருபோதும் சுடக் கூடாது.

கை நடுங்கினால், மனம் ஒப்பாவிட்டால், “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். எந்த நல்ல ஸ்டாக்கரும் அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார். குடலில் அடிபட்ட மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அந்த வேதனைக்குக் காரணமாவதைவிட வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவோ மேல்.

சுட்டவுடன் அடுத்த தோட்டாவை ஏற்றி, குறி விலகாமல் அப்படியே இருங்கள். இதயத்தில் அடிபட்ட மானும் ஐம்பது மீட்டர் ஓடி விழக்கூடும். எழுந்து ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். ஸ்டாக்கர் சொல்லும்வரை அசைய வேண்டாம்.

படி 8: குடல் நீக்குதல்

கிராலக் என்று அங்கே சொல்லும் இந்த வேலையைத் தள்ளி நின்று பார்க்காமல் அருகில் மண்டியிட்டுப் பாருங்கள். ஸ்டாக்கர் கழுத்தில் உணவுக்குழாயைப் பிரித்து முடிச்சிடுவார், இரைப்பையிலுள்ளது வெளியே கசியாமலிருக்க. பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவே கத்தி நுனியை வைத்து, குடலைக் கீறாமல் வயிற்றைத் திறப்பார். குளிர் காற்றில் ஆவி எழும். அரைத்த புல்லின் புளிப்பு வாடையும் இரத்த வாடையும் கலந்து வரும். நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றனவா, ஈரலில் புள்ளிகள் உண்டா என்று தொட்டுப் பார்ப்பார். இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதா என்று தீர்மானிக்கும் முதல் பரிசோதனை இது. முதல் மானைச் சுட்டவரின் நெற்றியில் இரத்தம் தீட்டும் பழைய வழக்கம் உண்டு. விருப்பமில்லை என்றால் பணிவாக மறுக்கலாம்.

படி 9: இறக்குவதும் அதற்குப் பின்னும்

சில எஸ்டேட்டுகளில் இன்றும் மலைக் குதிரை முதுகில் மானைக் கட்டி இறக்குகிறார்கள். மற்ற இடங்களில் எட்டுச் சக்கர வண்டி வரும். அதுவரை கயிறு கட்டி இழுக்க நீங்களும் கை கொடுங்கள். குளிர்சாதன அறையில் எடை போட்டு, அடையாளச் சீட்டு கட்டித் தொங்கவிடுவார்கள்.

இறைச்சி பொதுவாக எஸ்டேட்டுக்கே சொந்தம். வேண்டுமென்றால் விலைக்கு வாங்கலாம். மான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகுத் தசையை நம் வீட்டு ஆட்டுக்கறி போல நெடுநேரம் வேகவிட்டால் விறகாகிவிடும். மிளகும் உப்பும் தடவிச் சூடான கல்லில் சில நிமிடம் வாட்டினால் போதும். தொடைக்கறியையும் தோள்கறியையும் குழம்புக்கு வையுங்கள்.

ஸ்டாக்கருக்கு அன்பளிப்பு தருவது வழக்கம், கைகுலுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அன்றிரவு குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். லைம் நோய் அதன்வழிதான் பரவுகிறது. இருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தில் சிவந்த வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.