மேற்குச் சுவர் பூச்சு உதிர்ந்தபோது

அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மேற்குப் பக்கப் பூச்சு மட்டும் விரல் பட்டால் மணலாக உதிர்ந்தது. சிமெண்ட் குறைவு என்றார்கள். அதே கலவைதான் கிழக்கே கல் மாதிரி நிற்கிறது! சேலத்துச் சித்திரை வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது பாதியில் நின்றுபோகும்.

கொத்தி எடுத்து, செங்கல்லை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலவையில் மறுபடி பூசினோம். சீக்கிரம் இறுக ஏதோ கெமிக்கல் டப்பா கொண்டுவந்தார் கொத்தனார். குளோரைடு கலந்தது, தூணில் கம்பி துருப்பிடிக்கும், வேண்டாம் அண்ணா என்றேன். பதிலுக்கு, குறைந்த தண்ணீரிலும் கலவையை இளக்கிக் கொடுக்கும் பிளாஸ்டிசைசர் திரவம், டப்பாவில் போட்ட அளவு மட்டும். தண்ணீரைக் குறைத்தும் கலவை கரண்டியில் வழுக்கிக்கொண்டு போனது. அதையும் ஊற்றி, தண்ணீரையும் பழையபடி ஊற்றினால் காசுதான் தண்டம்.

அப்புறம் ஈரச் சாக்கு. பூச்சுக்கு 7 நாளாவது ஈரம் வேண்டும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் மெல்லத்தான் வலுவேறும் என்பதால் இரண்டு வாரம் சாக்கைக் காயவிடவில்லை. மாதம் கழித்து ஆணியால் கீறினேன், மெல்லிய கோடுதான் விழுந்தது. ஏற்காட்டுக் குளிரில் பூசுகிறவர்களுக்கு வேறு கதை: அங்கே ஈரம் நிற்கும், வலு வரத்தான் நாளாகும்.