ஸ்பிளிட்டர் உள்ள ஃபைபர் லைனில் கோளாறு தேடும்போது

மோடத்தில் எல்.ஓ.எஸ். லைட் (சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிகிறது என்று ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால், உடனே ஓடிடிஆரை (ஒளித்துடிப்பு அனுப்பி, திரும்பும் எதிரொளியை வைத்துக் கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் கருவி) தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அதே ஸ்பிளிட்டரில் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிப்பது) உள்ள மற்ற வீடுகளுக்கு நெட் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். எல்லாமே படுத்துவிட்டால் மெயின் கேபிளையோ ஸ்பிளிட்டரையோ பாருங்கள். ஒரு வீடு மட்டும் என்றால் டிராப் ஒயர் (ஸ்பிளிட்டரிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் ஒயர்), அல்லது ஸ்பிளிட்டரில் அந்த ஒரு போர்ட்.

எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து ஓடிடிஆர் அடித்தால் ஸ்பிளிட்டரின் 32 கிளைகளின் எதிரொளியும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். திரையில் ஏதோ ஒரு தூரத்தில் மேடு தெரியும். எந்த வீட்டு ஒயர் என்று சொல்லவே முடியாது. அதனால் வீட்டிலிருந்து மேல்நோக்கி அடியுங்கள். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது 1310 நானோமீட்டர் கூடவே கூடாது. ஜிபானில் (ஸ்பிளிட்டர் வழியாக வீடுகளுக்கு நெட் தரும் ஃபைபர் முறை) அது அப்லோடு அலைநீளம், பக்கத்து வீடுகளும் தடுமாறும். ஃபில்டர் உள்ள 1625 அல்லது 1650 போர்ட்தான் சரி. 1:32 ஸ்பிளிட்டர் வரும் இடத்தில் திரையில் உள்ள கோடு கிட்டத்தட்ட 17 டெசிபல் சரியும். அது கோளாறு அல்ல, பதறாதீர்கள்.

ஒயர் அறுபடாமல் பவர் மட்டும் குறைகிறதா? ஸ்பிளிட்டரில் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு 1310, 1550 இரண்டிலும் அடித்து ஒப்பிடுங்கள். 1550-இல் இழப்பு கூடுதலாக இருந்தால் ஒயர் எங்கோ மடங்கியிருக்கிறது. ஜன்னல் இடுக்கையும் இறுக்கி அடித்த கிளிப்பையும் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஸ்பிளைஸ் (ஃபைபரை ஒட்டிய இடம்) அல்லது கனெக்டர். கனெக்டரை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும்.