கப்பிலேயே தங்கிய வெள்ளை மருந்து

ஏற்காட்டில் பனி இறங்கினால் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரில் வைக்க சேலம் டாக்டர் இரண்டு மருந்து எழுதியிருந்தார். லெவோசால்புடமால் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். மூச்சுக்குழாயைச் சீக்கிரம் விரிக்கும். புடெசோனைடு பால் கலந்தது போல வெள்ளையாக இருக்கும். உள்வீக்கத்தை மெல்லக் குறைக்கும்.

வைத்ததும் இழுப்பு தணிந்தது. ஆனால் விடியற்காலையில் மறுபடி வந்தது. ஒன்பது நாள் இப்படியே. மாஸ்க்கை மாற்றினோம், புது மருந்துப் பெட்டி வாங்கினோம், கம்பளியை வெயிலில் போட்டோம். பலனில்லை.

பத்தாம் நாள்தான் நெபுலைசரில் மருந்து ஊற்றும் கப்பைக் கவனித்தேன். தெளிவான மருந்து கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். வெள்ளை மருந்து மட்டும் பாதிக்கு மேல் அப்படியே, முன்பைவிடக் கெட்டியாக நின்றது. பெட்டிக்குள் இருந்த சீட்டைப் பிரித்தால், அல்ட்ராசோனிக் நெபுலைசருக்கு இது ஏற்றதல்ல என்று போட்டிருந்தது. எங்களுடையது அதுதான், அதிர்வால் மருந்தைப் புகையாக்குவது, சத்தம் வராது, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்று வாங்கியது. புடெசோனைடு தண்ணீரில் கரையாது, நுண்துகளாக மிதக்கும். அந்த அதிர்வில் தண்ணீர் புகையாகப் போய்விடுகிறது, மருந்துத் துகள் பெரும்பாலும் கப்பிலேயே நின்றுவிடுகிறது.

டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் கம்ப்ரசர் காற்றால் மருந்தைப் புகையாக்கும் ஜெட் மெஷின் வாங்கி வந்தேன். மருந்தை லேசாகக் குலுக்கி ஊற்றினோம். முடிந்ததும் அம்மா வாய் கொப்பளித்து முகம் கழுவிக்கொள்வார். இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம். ஒரு வாரத்தில் விடியற்கால இழுப்பு நின்றது. அப்பாடா என்றிருந்தது.