பலர் பயன்படுத்தும் சர்வரில் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் கட்டுப்படுத்துவது

பலர் சேர்ந்து வேலை செய்யும் லினக்ஸ் சர்வரைப் பராமரிக்கிறேன். "சர்வர் இழுக்குது" என்று யாராவது சொன்னால், எல்லோரும் முதலில் சிபியுவைத்தான் பார்ப்பார்கள். பல நேரம் அது சும்மாதான் இருக்கும். யாரோ ஒருவரின் பேக்கப் டிஸ்க்கைத் திணறடித்துக்கொண்டிருக்கும். அதனால் எந்தப் புரோகிராம் டிஸ்க்கை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் ஐஓடாப் கட்டளையை முதலில் ஓட்டிப் பாருங்கள். நெட்வொர்க் பயன்பாட்டை அதேபோலக் காட்டுவது நெட்ஹாக்ஸ். இரண்டுக்கும் ரூட் அனுமதி, அதாவது நிர்வாகியின் முழு உரிமை, வேண்டும்.

யாருடைய புரோகிராம் என்று தெரிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். அது இரவெல்லாம் ஓடிய கணக்காக இருக்கலாம். டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் ஐஓநைஸ் கட்டளையில் அதன் பிராசஸ் எண்ணையும் (ஓடும் புரோகிராமுக்குச் சிஸ்டம் தரும் எண்) கடைசி முன்னுரிமையான வகுப்பு 3 என்பதையும் கொடுங்கள். மற்றவர்களுக்கு டிஸ்க் தேவைப்படாத நேரத்தில் மட்டும் அதற்குக் கிடைக்கும். தன் வேலையைத் தானே இப்படி இறக்கிக்கொள்ள ரூட் தேவையில்லை. பெரிய வேலை ஓட்டுகிற எல்லோரும் இதைத் தாங்களாகவே செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் டிஸ்க்குக்கு வரும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் எது என்றும் பாருங்கள். பிஎஃப்கியூ என்ற வகை என்றால் ஐஓநைஸ் நன்றாக வேலை செய்யும். பல என்விஎம்இ டிஸ்க்குகளில் (வேகமான எஸ்எஸ்டி வகை) இருப்பதுபோல ‘நன்’, அதாவது ஷெட்யூலர் எதுவும் இல்லை, என்றிருந்தால், பிழை எதுவும் காட்டாது, பலனும் இருக்காது. அங்கே சிஸ்டம்டி-ரன் கட்டளை வழியாகப் புரோகிராமை ஓட்டி, வினாடிக்கு இத்தனை எம்பி என்று உச்சவரம்பு போடுவதுதான் வழி. அதற்கு சிகுரூப் (புரோகிராம்களைக் குழுவாக்கி வரம்பு போடும் லினக்ஸ் வசதி) இரண்டாம் பதிப்பு வேண்டும்.

நெட்வொர்க்குக்குப் புரோகிராமிலேயே உள்ள வசதியை முதலில் தேடுங்கள். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் பிடபிள்யூலிமிட், டவுன்லோடு செய்யும் டபிள்யூகெட்டிலும் கர்லிலும் லிமிட்-ரேட் என்ற தெரிவுகள் உண்டு. அலகில் கவனம்: ஆர்சிங்கில் 5000 என்றால் வினாடிக்குச் சுமார் 5 எம்பி. இன்னொரு நகலெடுக்கும் கட்டளையான எஸ்சிபியின் ‘எல்’ தெரிவில் அதே 5000 கிலோபிட் கணக்கு, அதாவது சுமார் 625 கேபிதான். இந்த வசதியே இல்லாத புரோகிராமை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரிக்கிள் வழியாக ஓட்டலாம். டிசிபி இணைப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த (தேவையான லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும்) புரோகிராம்களிடம் பலிக்காது.

அப்புறம் இடம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் எடுக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் கோட்டா போடுங்கள். மென் வரம்பைத் தாண்டினால் வழக்கமாக 7 நாள் அவகாசம் கிடைக்கும். வன் வரம்பை எட்டினால் எழுதவே விடாது. இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள், பாதியில் இருக்கும் வேலை அறுந்துபோகக் கூடாது. கோட்டா ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (பொதுவாக ஒரு பார்ட்டிஷனுக்கு ஒன்று) தனித்தனி. பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு மட்டும் போட்டுவிட்டு, தனிப் பார்ட்டிஷனில் இருக்கும், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப்பை விட்டுவிட்டால், எல்லாக் குப்பையும் அங்கேதான் போய்ச் சேரும்.