கணினிக்கு உயிர் வரவில்லையா? பித்தளைக் கால்களை எண்ணிப் பாருங்கள்

தேவனாம்பட்டினத்தில் அக்கா வீடு. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனுக்காகப் பாகங்களை வாங்கி வந்து, கூடத்தில் பாய் விரித்து, நானும் அவனும் ஒரு கணினியைக் கோத்தோம். கேபினெட் மட்டும் பழையது. சாயங்காலம் பட்டனை அழுத்தினேன். விசிறி கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். இந்த முறை அந்த அசைவுகூட இல்லை.

“மாமா, முதல் தடவை அசைந்ததே, பார்த்தீர்களா?” என்றான் பையன். பார்த்தேன். அந்த அசைவு என்ன சொல்கிறது என்றுதான் புரியவில்லை. புரியாத குற்றத்துக்கு மூன்று நாள் வீணாயிற்று, புதுச்சேரிக்கு ஒரு பஸ் பயணம், அங்கே ஒரு கடைக்காரர் முன்னால் அசடு வழிந்ததும் சேர்த்து.

இந்தப் பதிவு மின்சாரமே ஏறாத கணினிக்கு. விசிறிகள் நன்றாக ஓடி, திரை மட்டும் இருட்டாக இருந்தால் அது வேறு நோய்; ரேமைக் கழற்றி மாட்டுவதில் தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டார் திருப்புளி ஒன்று, மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, நல்ல டார்ச். காந்த முனைத் திருப்புளி கணினிக்கு ஆகாது என்பது ஃப்ளாப்பி காலத்துப் பயம். கேபினெட்டுக்குள் விழுந்த திருகை அரை மணி நேரம் தேடியவர்கள் காந்த முனையைத்தான் வாங்குவார்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி, அதைச் சோதிக்க என்றே விற்கும் சிறு கருவி எனக்குப் பிடிக்காது. மல்டிமீட்டர் வாங்கினால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் உதவும்.

முதல் படி, சுவர்

சிரிக்காதீர்கள். அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் யூபிஎஸ்ஸையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்ச் கோட்டுக் குறியின் பக்கம் இருக்க வேண்டும். வட்டம் என்றால் அணைந்திருக்கிறது.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா, டெஸ்டர் மினுக்குகிறதா? உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி கெபாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி தகரத்தில் வந்து நிற்கும். கணினி எழாததற்கு இது காரணம் இல்லை, ஆனாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் செருகுபவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இரண்டாம் படி, இரண்டு கேபிள்கள்

மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய சர்க்யூட் பலகை) 24 பின் கேபிள் ஒன்று, பிராசசருக்கு 8 பின் கேபிள் ஒன்று. இரண்டும் ‘க்ளிக்’ என்று கொக்கி விழும்வரை போக வேண்டும். பிராசசர் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை வேறு. பலவந்தமாகத் திணிக்காதீர்கள்.

மூன்றாம் படி, பட்டனை நம்பாதீர்கள்

கேபினெட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயரை மதர்போர்டின் மூலையிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கையேட்டில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் திருப்புளி நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். மிகக் குறைந்த வோல்ட்தான், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் மட்டும் பட்டுவிடக் கூடாது. கணினி எழுந்துவிட்டால் குற்றவாளி பட்டன். கடலோர உப்புக்காற்றில் இந்தச் சிறு சுவிட்சுகள்தான் முதலில் துருப்பிடிக்கின்றன. சுவிட்ச் வயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடி வயருக்குத்தான் திசை முக்கியம்.

எங்கள் கணினி இதற்கும் அசையவில்லை.

நான்காம் படி, எஸ்எம்பிஎஸ் தனியாக

சுவர் சுவிட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ் கேபிள்களை எல்லாப் பாகங்களிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் 16ஆம் பின். அதன் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரோடு அதை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். விசிறி ஓட வேண்டும். இப்போதைய கேபிள்கள் பலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே வருகின்றன. அப்படியானால் நிறுவனத்தின் படத்தைப் பார்த்தே குத்துங்கள், யூகிக்க வேண்டாம்.

மல்டிமீட்டரால் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு வயர்களை அளந்தால் முறையே 12, 5, 3.3 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 12 என்றால் 11.4 முதல் 12.6 வரை. ஊதா வயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். பட்டன் அழுத்தியதை மதர்போர்டு உணர்வது அந்த 5 வோல்ட்டின் தயவில்தான். ஊதா செத்திருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். மூடியைத் திறந்து பழுது பார்க்கத் துணியாதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

இந்தச் சோதனை அன்று எனக்குத் தெரியாது. விசிறி நின்றதும் ‘எஸ்எம்பிஎஸ் போச்சு’ என்று தீர்ப்பு எழுதி, அதைப் பையில் போட்டுக்கொண்டு அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினேன். கடைக்காரர் ஒரு துண்டு வயரை எடுத்தார், பச்சையையும் கறுப்பையும் இணைத்தார், விசிறி ஓடியது. “நன்றாகத்தானே இருக்கிறது சார்” என்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் படி, என் காலை வாரியது

எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடுகிறது, மதர்போர்டில் மாட்டினால் ஒரு துடிப்போடு நிற்கிறது என்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கப்படுவதைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. அந்தக் கால் சுற்று அசைவு அதுதான்.

பூட்டிக்கொண்டது எளிதில் திறக்காது என்பதுதான் நான் அறியாதது. ஞாயிறு இரவே ஷார்ட்டாக இருக்குமோ என்று சந்தேகித்து, மதர்போர்டின் திருகுகளைத் தளர்த்தி, லேசாகத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். சுவரில் மின்சாரத்தை நிறுத்தாமலே செய்த மடத்தனம், நீங்கள் செய்யாதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ‘அப்படியானால் ஷார்ட் இல்லை’ என்று முடிவுகட்டினேன். உண்மையில் நோய் அப்போது விலகித்தான் இருந்தது, பூட்டு மட்டும் விழுந்தபடியே கிடந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு சுவர் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஓரிரு முறை வெறுமனே அழுத்தி, இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது.

பிறகு மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளிநிறப் பையின் மேல் வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தலாம். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், இரண்டு மின் கேபிள்கள், வேறொன்றும் வேண்டாம். திருப்புளி நுனியால் தொடுங்கள். எங்களுடையது உடனே எழுந்தது. பையன் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் நோய் கேபினெட்டில். மதர்போர்டைத் தகரத்தில் படாமல் தாங்குவதற்கு ஸ்டாண்ட் ஆஃப் என்ற பித்தளைக் கால்கள் இருக்கின்றன. நாங்கள் வாங்கியது ஏடிஎக்ஸ் என்ற முழு அளவு போர்டு, 305க்கு 244 மில்லிமீட்டர், அதற்கு 9 துளைகள். டார்ச் அடித்து எண்ணினேன். 11 கால்கள். பழைய கணினியில் இருந்தது 244க்கு 244 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. அதன் கீழ் வரிசைக் கால்கள் நிற்கும் இடத்தில் ஏடிஎக்ஸ் போர்டுக்குத் துளையே கிடையாது. மிஞ்சிய அந்த இரண்டும் புதிய போர்டின் முதுகில், சாலிடர் புள்ளிகளைக் குத்திக்கொண்டு நின்றிருக்கின்றன.

இடுக்கியால் இரண்டையும் திருகி எடுத்தேன். போர்டை உள்ளே வைப்பதற்கு முன்பு அதன் துளைகளை எண்ணுங்கள், கேபினெட்டின் கால்களை எண்ணுங்கள். ஒவ்வொரு காலுக்கும் நேராக ஒரு துளை இருக்க வேண்டும். துளைக்குக் கால் குறைந்தால்கூடச் சமாளிக்கலாம், கூடுதலாக ஒன்று இருந்தால் முடிந்தது கதை.

பிற்சேர்க்கை 1: நெல்லிக்குப்பத்து வாசகர் ஒருவர், நான்காம் படியில் விசிறி ஓடவில்லை என்பதால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் போட இருந்தார். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தி வைக்கும் மாடல்கள் இருக்கின்றன. விசிறியை மட்டும் பார்க்காதீர்கள், மஞ்சள் வயரை அளந்து பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: கணினி எழுந்து நான்கைந்து நொடியில் தானே அணைகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பட்டனை விடாமல் நான்கு நொடி அழுத்தினால் கணினி அணைந்துவிடும் அல்லவா? பட்டன் அழுந்தியபடியே சிக்கியிருந்தாலும் அதேதான் நடக்கும். மூன்றாம் படிக்குத் திரும்பிச் சுவிட்ச் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். முதுநகரில் இருப்பவருக்கு அதுவே காரணம். ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் மாட்டி இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவரிடமிருந்து பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.