முதல் முதலீட்டு வீடு: உள்ளூர்லயா, வெளிநாட்லயா?

கையில கொஞ்சம் பணம் சேந்ததும் ஒரு வீடோ ஃப்ளாட்டோ வாங்கிப் போடலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல கேக்குறது "எந்த ஏரியா விலை ஏறும்"னுதான். அந்தக் கேள்விய கடைசில வெச்சுக்கோங்க. முதல்ல தெரிய வேண்டியது மூணு விஷயம். எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு கையில என்ன நிக்கும், நாளைக்கே விக்கணும்னா யாரு வாங்குவாங்க, பணம் எப்போ கைக்கு வரும். நிலம் விலை எறங்கவே எறங்காதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, ஜப்பான்ல 1991 வாக்குல உச்சத்துக்குப் போன நில விலை அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல எறங்கிட்டேதான் இருந்துச்சு.

கணக்கை ஒரு தடவை முழுசா போட்டுப் பாப்போம். வீட்டு விலை 100ன்னு வெச்சுக்கோங்க. பத்திரச் செலவு, வக்கீல், புரோக்கர், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் சேந்து 8 ஆச்சுன்னா உங்க அடக்கம் 108. வருஷ வாடகை 5. அதுல ஒரு மாசம் வீடு காலியா கிடக்கும்னு 0.4 கழிங்க, மெயின்டனன்ஸ், சொத்து வரி, இன்சூரன்ஸ், பெயின்ட், பைப்புன்னு ஒரு 1.2 போகும், மிச்சம் 3.4. அதாவது 108 போட்டு 3.4, மூணு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இப்போ 70 லோன் வாங்கி, வட்டி 8 சதவீதம்னா வட்டி மட்டுமே 5.6, ஆக வருஷா வருஷம் 2.2 உங்க சம்பளத்துலேர்ந்து போகுது, அசல் தனி. இது தப்புன்னு சொல்லல, விலை ஏறும்னு நம்பி அந்த 2.2ஐ நீங்க கட்டிட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சு கட்டுங்க, அவ்ளோதான். புரோக்கர் சொல்ற "அஞ்சு சதவீதம் ரிட்டர்ன்" எப்பவும் செலவு கழிக்காத கணக்குதான்.

லோன் வாங்குறவங்க ஆறு மாசத் தவணைக்கான காச தனியா ஒதுக்கிட்டு அப்புறம் இறங்குங்க. வேலை போச்சு, வாடகைக்கு இருந்தவரும் காலி பண்ணிட்டாருன்னா அவசரத்துல கிடைச்ச விலைக்கு விக்க வேண்டி வரும், ரியல் எஸ்டேட்ல பெரிய நஷ்டம் பல பேருக்கு அப்படித்தான் வருது.

முதல் வீடு நீங்க நேர்ல போய் பாத்துட்டு வர்ற தூரத்துல இருக்கணும்ங்கிறது என்னோட உறுதியான கருத்து. பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, முடிஞ்சா நல்ல மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை போங்க. ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஈரக்கசிவு இருக்கும், மேல் மூலைல மஞ்சக் கறை இருக்கான்னு பாருங்க, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல தெறந்து விட்டு தண்ணி வர்ற வேகத்தைப் பாருங்க. பக்கத்து வீட்ல வாடகைக்கு இருக்கிறவங்ககிட்ட எவ்ளோ குடுக்கறீங்கன்னு கேட்டா விளம்பரத்துல போட்ட வாடகைக்கும் உண்மையான வாடகைக்கும் உள்ள வித்தியாசம் அங்கயே தெரிஞ்சுரும்.

பத்திரத்தை விக்கிறவரோ புரோக்கரோ காட்டுற வக்கீல்கிட்ட குடுக்காதீங்க, உங்க சொந்தக் காசுல உங்க வக்கீல். இதுக்கு முன்னாடி யார் யார் கை மாறி வந்துச்சு, அடமானம் ஏதும் நிலுவைல இருக்கா, வாரிசு யாராவது கையெழுத்துப் போடாம விட்டிருக்காங்களா, பவர் வாங்கினவர் விக்கிறார்னா அந்தப் பவர் இன்னும் செல்லுமா, இதெல்லாம் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி முடியணும். வில்லங்கம் இருக்கிற சொத்து எவ்ளோ மலிவா வந்தாலும் மலிவு கிடையாது.

இப்போ வெளிநாடு. அங்க வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி சட்டத்தைப் பாருங்க, ஏன்னா நாட்டுக்கு நாடு தலைகீழா இருக்கு. சிங்கப்பூர்ல 2023 ஏப்ரல்லேர்ந்து வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி கட்டணும். கனடா 2023ல வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டு அப்புறம் நீட்டிச்சாங்க, ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல்லேர்ந்து ஏற்கெனவே கட்டி இருக்கிற வீடுகளை அவங்க வாங்கத் தடை போட்டுச்சு. தாய்லாந்துல நிலம் பொதுவா உங்க பேர்ல வராது, கான்டோ (அடுக்குமாடில ஒரு ஃப்ளாட்) வாங்கலாம், ஆனா ஒரு கட்டடத்துல 49 சதவீதம் பரப்புதான் வெளிநாட்டவருக்கு, அந்தப் பங்கு முடிஞ்சு போயிருந்தா நீங்க வாங்க முடியாது. மெக்ஸிகோவில கடற்கரைலேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள வீடுன்னா பேங்க் டிரஸ்ட் வழியாத்தான் வாங்க முடியும், அதாவது பத்திரம் பேங்க் பேர்ல இருக்கும், அனுபவிக்கிற உரிமை உங்களுக்கு. விசாவுக்காக வீடு வாங்குறவங்க இன்னும் கவனமா இருங்க, போர்ச்சுகல் 2023லயும் ஸ்பெயின் 2025லயும் அந்த வழிய மூடிட்டாங்க. இந்த விதியெல்லாம் மாறிட்டே இருக்கும், வாங்குற மாசத்துல அந்த நாட்டு அரசு தளத்துலயே பாத்துக்கோங்க.

அடுத்தது கரன்ஸி. அஞ்சு வருஷத்துல வீடு 20 சதவீதம் ஏறி, அந்த நாட்டுப் பணம் உங்க பணத்துக்கு எதிரா 20 சதவீதம் எறங்கிச்சுன்னா 100 போட்டது 96 ஆத்தான் திரும்பும், செலவெல்லாம் கழிக்குறதுக்கு முன்னாடியே. அதனால லோன் வாங்கினா வாடகை வர்ற அதே கரன்ஸில வாங்குறது நல்லது. வீட்டைப் பாத்துக்க அங்க ஒரு கம்பெனி வேணும், அவங்க வாடகைல ஒரு பங்கு எடுப்பாங்க, அதையும் மேல போட்ட கணக்குல கழிச்சுக்கோங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு கேரண்டி வாடகை தர்றோம்னு பில்டர் சொன்னா அந்தக் காச விலைலயே ஏத்தி வெச்சிருக்காங்களான்னு அதே தெருவுல பழைய வீடு என்ன விலைக்குப் போகுதுன்னு விசாரிங்க.

வரி ரெண்டு நாட்லயும் வரும். ரெண்டுக்கும் நடுவுல இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தா அங்க கட்டினதை இங்க கழிச்சுக்க வழி இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் கணக்கு தாக்கல் பண்ணணும். அமெரிக்காவுல வெளிநாட்டவர் விக்கும்போது வாங்குறவர் பொதுவா விலைல 15 சதவீதத்தைப் பிடிச்சு வரி ஆபீஸ்ல கட்டிருவார், கூடுதலா பிடிச்சதைக் கணக்கு காட்டித்தான் திரும்ப வாங்கணும். அங்க குடியில்லாத வெளிநாட்டவர் இறந்துட்டா 60,000 டாலருக்கு மேல உள்ள சொத்துக்கு வாரிசு வரி வர வாய்ப்பிருக்கு, இதை விக்கிறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

இவ்ளோ தலைவலி வேணாம், இல்ல பணம் கம்மியா இருக்குன்னா ரீட் (REIT, அதாவது வாடகை வர்ற கட்டடங்களை வெச்சிருக்கிற கம்பெனியோட பங்கு) வாங்கிப் பழகுங்க. ஷேர் மாதிரி வாங்கலாம், விக்கலாம். அமெரிக்கா 1960ல இதுக்குச் சட்டம் போட்டுச்சு, அங்க வரிக்குட்பட்ட வருமானத்துல குறைஞ்சது 90 சதவீதத்தைப் பிரிச்சுக் குடுத்தே ஆகணும். வெளிநாட்டுச் சொத்து எப்படி நடக்குதுன்னு சின்னத் தொகைல கத்துக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

அப்புறம் நேரா வாங்குறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, உங்க நாட்டுலேர்ந்து வருஷத்துக்கு எவ்ளோ அனுப்பலாம்னு பேங்க்ல கேட்டுட்டு, பணம் போன ஒவ்வொரு ரசீது, வக்கீல் பில், ரிப்பேர் பில் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. விக்கும்போது லாபக் கணக்குக்கும், பணத்தைத் திருப்பி அனுப்ப அந்த ஊர் பேங்க் ஆதாரம் கேக்குறப்பவும் அந்த ஃபைலத்தான் கேப்பாங்க.